ஒரு கோடிக்கு ஒன்று குறைவு

வீடியோ கேமின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அமெரிக்காவில் ஆரம்பித்து ஜப்பானில் முடித்துக்கொள்கிறார்கள். போடிநாயக்கனூர் என்று ஓர் ஊர் இருப்பது அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை. அந்த அநீதியைச் சரிசெய்யும் பொறுப்பை எங்கள் வீட்டு மாடியில் நிற்கும் ஒரு பச்சை இரும்பு பீரோ ஏற்றிருக்கிறது.

அப்பா ஏலக்காய் வியாபாரத்தில் இருந்த காலத்தில் சாம்பிள் பொட்டலங்கள் வைத்திருந்த பீரோ அது. கதவைத் திறந்தால் முதலில் மணம் வரும், அப்புறம்தான் மாரியோ வருவார். கேசட், ஜாய்ஸ்டிக், அடாப்டர், வயர் எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசம் ஏறிக் கிடக்கிறது. உலகத்தில் பெரிய பெரிய சேகரிப்பாளர்கள் இருக்கலாம். பாயசத்தில் தட்டிப் போடும் தகுதியுள்ள காண்ட்ரா கேசட் அவர்களில் ஒருவரிடமும் இருக்காது.

வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டாமல் விடுவதில்லை. பத்திரிகை வைக்க வந்தவர்கள், சிலிண்டர் போட வந்தவர், அக்காவின் சம்பந்தி வீட்டார் என்று பலரும் தப்பிக்க முடியாமல் படியேறியிருக்கிறார்கள். கீழே ஒரு காப்பி கொடுப்போம். மற்ற காப்பிகள் எல்லாம் மாடியில். ஏனென்றால் இந்தப் பீரோவுக்குள் இருப்பதில் ஒன்றுகூட அசல் கிடையாது. அதுதான் இதன் பெருமை.

முதலில் எடுத்துக் காட்டுவது ஒரு மஞ்சள் கேசட். மேலே ஒட்டிய தாளில் பாதி ஸ்டாலோன், பாதி டைனோசர், ஓரத்தில் மாரியோ. மூவரும் சேர்ந்து எந்தப் படத்தில் நடித்தார்கள் என்று கேட்கக்கூடாது. கீழே கொட்டை எழுத்தில்: 9999999 இன் 1. ஒரே கேசட்டில் தொண்ணூற்றொன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கேம். முதல்முறை இதைப் பார்த்த அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒரு கோடிக்கு ஒண்ணு கொறையுதேடா. அந்த ஒண்ண எவன் அமுக்குனான்?"

வியாபாரியின் கேள்வி. இருக்கிறதா என்று கேட்கவில்லை, குறைவது எங்கே என்று கேட்டார்.

இந்த ஊரின் சாமர்த்தியத்தைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் ருசி புரியும். ஏலக்காயைத் தட்டில் கொட்டி, விரலால் ஒரு உருட்டு உருட்டி, ஓட்டைப் பிளந்து உள்ளே அரிசி திரண்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்குமா, 8-இல் நிற்குமா என்று கண்ணாலேயே சொல்வார்கள். போன வருஷத்துக் காயைப் புதுக்காயோடு கலந்திருந்தால் மூக்கு பிடித்துவிடும். பச்சைச் சாயம் ஏற்றியிருந்தால் கட்டைவிரல் பிடித்துவிடும். வண்டன்மேட்டுக்காரனையும் குமுளிக்காரனையும் எடைபோட்டு அனுப்பும் அப்பேர்ப்பட்ட ஊர், யாரோ ஊர் பேர் தெரியாத தைவான்காரன் ஒட்டிய ஏழு ஒன்பதைப் பார்த்து வாயைப் பிளந்து, காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தது.

ஒரு கேமுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தால்கூட, சோறு தண்ணி தூக்கம் இல்லாமல் ஆடி முடிக்க 19 வருஷம் ஆகும். அன்று அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. போட்டிருந்தாலும் பையனுக்கு 19 வருஷத்துக்குச் செலவு மிச்சம் என்றுதான் வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

கேசட்டைச் சொருகினால் திரையில் ஒரு கடற்கரை வரும். பின்னணியில் 'அன்செயின்ட் மெலடி' என்ற பழைய ஆங்கிலக் காதல் பாட்டின் மெட்டு கொசு பாடுகிற குரலில் ஓடும். அந்தச் சோகத்தில் மயங்கியபடி பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போகலாம். முதல் ஐந்தாறு கேம் நிஜம். ஏழாவதில் மறுபடி மாரியோ, ஆனால் இரண்டாம் கட்டத்தில் இருந்து. நாற்பதாவதில் அதே மாரியோ, வேறு பெயர். நானூறாவதில் அதே டாங்கிச் சண்டை, கொஞ்சம் வேகமாக. ஒரே மாப்பிள்ளைக்குச் சட்டையை மட்டும் மாற்றி மாற்றி ஊர் முழுக்கப் பெண் பார்க்க அனுப்பிய கதை.

இதைக் கேட்டுவிட்டு பெங்களூரில் இருந்து வந்த அக்கா மகன் உதட்டைப் பிதுக்கினான். "எல்லாமே ஃபேக் தானா மாமா?"

வரலாறு தெரியாத பிள்ளை. உட்கார வைத்துச் சொன்னேன்.

1972-இல் ரால்ஃப் பேர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த ஒடிஸி என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. டிவியில் விளையாடும் முதல் வீட்டுப் பெட்டி அதுதான். அதன் கண்காட்சிக்குப் போய் உள்ளே இருந்த டேபிள் டென்னிஸ் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் நோலன் புஷ்னெல். அவருடைய அட்டாரி கம்பெனி அதே வருஷம் இறக்கியது பாங். அதுவும் பந்து, அதுவும் மட்டை. பார்க்கப் போனவர் விருந்தினர் புத்தகத்தில் கையெழுத்து வேறு போட்டுவிட்டு வந்திருந்தார். வழக்கு வந்தபோது அந்தக் கையெழுத்து பல்லைக் காட்டியது. 1976-இல் பணம் கட்டிச் சமாதானம் ஆனார்கள். திருடப் போன இடத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் வெகுளித்தனம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது.

அடுத்து நிண்டெண்டோ. இன்று குழந்தைகளின் காவல்தெய்வம் மாதிரி நடமாடும் இந்தக் கம்பெனி 1889-இல் கியோட்டோவில் பிறந்தபோது செய்த தொழில் சீட்டுக்கட்டு அச்சடிப்பது. சூதாடிகள்தான் பெரிய வாடிக்கையாளர்கள். 1981-இல் டாங்கி காங் என்ற கேமை இறக்கினார்கள். ஒரு பெரிய குரங்கு, தூக்கிப்போன பெண், கீழே இருந்து ஏறும் ஒரு மீசைக்காரர். கிங் காங் எங்கள் சொத்து என்று யுனிவர்சல் ஸ்டுடியோ வழக்குப் போட்டது. நிண்டெண்டோவின் வக்கீல் ஜான் கிர்பி ஒரு பழைய காகிதத்தைத் தேடி எடுத்தார். சில வருஷங்களுக்கு முன் வேறொரு வழக்கில் இதே யுனிவர்சல், 'கிங் காங் கதை யாருக்கும் சொந்தமில்லை, பொதுச்சொத்து' என்று வாதாடி ஜெயித்திருந்தது. கேஸ் அங்கேயே படுத்துவிட்டது. அந்த மீசைக்காரருக்கு அப்புறம் வைத்த பெயரும் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்காவில் கம்பெனி வாடகைக்கு இருந்த கிடங்கின் சொந்தக்காரர் மாரியோ செகாலே. அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் மாரியோவின் மீசையைப் பார்த்து மாரி அண்ணன் என்று கூப்பிட்டோம். மாரியம்மன் ஊர்களில் இதற்கு மேல் ஒரு கௌரவம் கிடையாது.

இங்கே ஒரு சின்ன உரிமைக்கோரல். உச்சியில் நின்று ஒவ்வொரு பொருளாகக் கீழே அனுப்பும் கலையில் எங்கள் மலைக்கு அந்தக் குரங்கைவிட அனுபவம் அதிகம். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனில் இருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகளை இறக்கியிருக்கிறார்கள் வெள்ளைக்காரர்கள். டாங்கி காங்குக்காக நிண்டெண்டோ எங்களுக்கு ராயல்டி எதுவும் தரவில்லை. நாங்களும் பெருந்தன்மையாக விட்டுவிட்டோம்.

இப்போது கதைக்கு வேர் வைத்த பெட்டி. 1983 ஜூலை 15, ஜப்பானில் ஃபேமிகாம், விலை 14,800 யென். வடிவமைத்தவர் மசாயுகி உவெமுரா. அதன் மூளையை ரிக்கோ என்ற கம்பெனி செய்தது. அந்த மூளைக்குள் இருந்தது 6502 என்ற அமெரிக்க சிப்பின் வரைபடம், அச்சு அசலாக. ஒரே ஒரு பகுதியை மட்டும் துண்டித்திருந்தார்கள். பத்தின் அடிப்படையில் கணக்குப் போடும் பகுதி. அதற்குத்தான் காப்புரிமை இருந்தது, அதனால்தான் வெட்டினார்கள் என்பது பரவலான விளக்கம். ஆக, ஜப்பான் அசலுக்குள்ளேயே ஓர் அமெரிக்க நகல் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தது. அதைத் தைவானில் யுஎம்சி என்ற கம்பெனி நகல் எடுத்தது. அந்த நகலைச் சீனாக்காரர்கள் இன்னும் மலிவாக நகல் எடுத்து, கடைசியில் மொத்தப் பெட்டியையும் ஒரு சொட்டுக் கறுப்புப் பிசினுக்குள் அடக்கிவிட்டார்கள். என்னிடம் இருக்கும் ஒரு பெட்டியைத் திறந்தால் பெரிய மைதானம் மாதிரிப் பச்சைப் பலகை, நடுவில் ஆட்டுப் புழுக்கை அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. அவ்வளவுதான். மற்றதெல்லாம் காற்று.

இந்தப் பொட்டு உலகம் சுற்றியது. ரஷ்யாவில் 1992-இல் டெண்டி என்ற பெயரில், யானைச் சின்னத்தோடு. போலந்தில் பெகாசஸ். சீனாவில் சுபோர், விளம்பரத்துக்கு ஜாக்கி சான். இந்தியாவில் சாமுராய், லிட்டில் மாஸ்டர், விஸ் கிட் என்று ஆளுக்கொரு பெயர். சோவியத் யூனியன் உடைந்தும் சுவர்கள் விழுந்தும் ஒன்றுசேராத உலகத்து இளைஞர்கள், காண்ட்ராவில் முப்பது லைஃப் வாங்க மேலே மேலே கீழே கீழே இடது வலது இடது வலது என்று அமுக்குவதில் ஒன்றுசேர்ந்தார்கள். அந்த ரகசியமும் ஓர் இயலாமையில் பிறந்ததுதான். கொனாமி கம்பெனியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986-இல் கிரேடியஸ் என்ற கேமை ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க அவராலேயே ஆடி ஜெயிக்க முடியவில்லை. தனக்காக ஒரு குறுக்குவழி போட்டுக்கொண்டவர், அதை எடுக்க மறந்துவிட்டார். எங்கள் தெருவில் அந்த வரிசை தெரிந்தவனுக்கு முறுக்கும் மரியாதையும் ஓசியில் கிடைத்தன.

பர்மா பஜாரில் இறங்கும் சரக்கு மதுரைக்கு வந்து, அங்கிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் அசைந்து அசைந்து போடிக்கு வரும். அந்த ரயிலே ஒரு கேம்தான். 1928-இல் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள், செத்தது. 1950-களில் உயிர் வந்தது. 2010 கடைசியில் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று நிறுத்தினார்கள், மறுபடி சாவு. 2023 ஜூன் 15 அன்று போடியில் இருந்து நேராகச் சென்னைக்கே கிளம்பியது. மாரியோவுக்கும் மூன்று லைஃப்தான் கொடுத்தார்கள். ஆனால் மாரியோ அடுத்த லைஃப் எடுக்க 12 வருஷம் காக்க வைப்பதில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்தால் மட்டும் போதாது. டிவியின் பின்னால் இருந்து ஆண்டெனா வயரைப் பிடுங்கி, கேம் வயரைச் சொருகி, மூன்றாம் சேனலா நாலாம் சேனலா என்று திருகித் திருகி, எறும்பு ஓடுகிற திரையில் மாரியோ தலை காட்டும்வரை வீட்டில் ஒருவரும் மூச்சு விடக்கூடாது. எங்களுடையது கறுப்பு வெள்ளை சாலிடேர். மாரியோவின் தொப்பி சிவப்பு என்பதே எனக்குக் கேசட் அட்டையைப் பார்த்துத்தான் தெரியும். ஓடவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி, புல்லாங்குழல் மாதிரி ஊத வேண்டும். ஊதுவதால் ஒரு பயனும் கிடையாது, எச்சில் பட்டுத் தகடு கறுத்துப் போகும், கழற்றி மாட்டுவதால்தான் ஓடுகிறது என்பது பிற்கால ஆராய்ச்சி. இருந்துவிட்டுப் போகட்டும். டெண்டி ஆடிய ரஷ்யப் பிள்ளையும் ஊதினான், நானும் ஊதினேன். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீட்டுப் பெரியவர்கள் தரப்பில் ஒரே ஒரு விஞ்ஞானக் கோட்பாடு இருந்தது: "ரொம்ப ஆடாத, பிக்சர் டியூப் போயிரும்." வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே அந்தக் கோட்பாட்டுக்கு வீரியம் ஏறும். தொடர்ந்து மூன்று மணி நேரம் சினிமா ஓடினால் டியூப்புக்கு ஒன்றும் ஆகாது, பத்து நிமிஷம் டாங்கி ஓடினால் வெடித்துவிடும் என்று தமிழ்நாட்டில் அத்தனை அம்மாக்களும் ஒருமித்து நம்பினார்கள்.

பீரோவின் இரண்டாம் தட்டில் வேஷதாரிகள். டெர்மினேட்டர் என்று ஒரு பெட்டி. பார்வைக்குச் செகா கம்பெனியின் மெகா டிரைவ் மாதிரி வளைவும் கறுப்புமாக இருக்கும், உள்ளே அதே ஃபேமிகாம் பொட்டு. பக்கத்தில் என் செல்லம், பாலிஸ்டேஷன். பிளேஸ்டேஷனில் பெயரை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். சிடி போடும் வட்ட மூடியைத் திறந்தால் உள்ளே சிடிக்கு இடமே இல்லை. கேசட் சொருகும் பள்ளம் இருக்கிறது! மூடியைத் திறந்து, கேசட்டைச் செங்குத்தாகச் சொருகினால் மறுபடி மூட முடியாது. வாய் பிளந்தபடியேதான் கடைசிவரை ஓடும். இந்த மாடலை வரைந்தவன் எவனோ, அவனுக்கு நான் கோயில் கட்டத் தயார்.

அசல் மெகா டிரைவ் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வந்ததே! 1995-இல் அதை இந்தியாவில் விற்க முன்வந்தது ஷா வாலஸ். ஆமாம், அதே சாராயக் கம்பெனிதான். விலை 18,000 ரூபாய். அன்றைய விலைக்கு நாலு பவுனுக்கு மேல் நகை எடுக்கலாம். ஊரில் அந்தக் கம்பெனியின் மற்ற சரக்குகளை விசுவாசமாக வாங்கியவர்கள் நிறைய இருந்தார்கள். இந்தச் சரக்கை வாங்கியதாக ஒருவரும் முன்வந்து ஒப்புக்கொண்டது இல்லை.

மூன்றாம் தட்டு, கல்விப் பிரிவு. கீபோர்டு வைத்த கேம் பெட்டி. இதைக் கம்ப்யூட்டர் என்று சொல்லித்தான் அப்பாக்களிடம் விற்றார்கள். டைப்பிங் பழகலாம், கணக்குப் போடலாம், பேசிக் எழுதலாம். பையன் எல்லாவற்றையும் செய்வான், அப்பா அறையில் இருக்கும்வரை. அப்பா கீழே இறங்கினதும் கணக்கு கேசட் வெளியே, காண்ட்ரா உள்ளே. தென்மாவட்டத்து மென்பொருள் புரட்சியின் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தால் நிச்சயம் இந்தப் பொய்தான் இருக்கும். எந்தக் கல்வியமைச்சரும் இதற்கு ஒரு நன்றி சொல்லவில்லை.

அதற்குக் கீழே பிரிக் கேம்கள். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் ராட்டினத்துக்கும் அல்வாக் கடைக்கும் நடுவில் தொங்கியவை. 9999 கேம் என்று பெட்டியில் இருக்கும். உள்ளே கட்டம் விழும், கட்டம் ஓடும், கட்டம் சுடும். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜிட்னோவ் என்ற அரசாங்க விஞ்ஞானி டெட்ரிஸை எழுதியபோது அது கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வரும் என்று நினைத்திருக்க மாட்டார். சோவியத் அரசு அவருக்கே பல வருஷம் ராயல்டி கொடுக்கவில்லை. அந்த வகையில் திருவிழாக் கடைக்காரரும் சோவியத் கொள்கையைத்தான் பின்பற்றினார்.

பீரோவில் சில இடங்கள் காலி. அங்கே இருந்தவை பேரீச்சம்பழம் ஆகிவிட்டன. பழைய இரும்பு, பிளாஸ்டிக் என்று கூவிக்கொண்டு வண்டி வரும் நாள்களில் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், அம்மா வீட்டில் இருப்பார். அமெரிக்காவில் அட்டாரியும் இதைத்தான் செய்தது. 1982-இல் அவசரமாகச் செய்து மண்ணைக் கவ்விய ஈ.டி. கேமோடு இன்னும் பல கேசட்டுகளையும் சேர்த்து 1983-இல் நியூ மெக்ஸிகோவின் அலமோகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-இல் ஜேசிபி வைத்துத் தோண்டி எடுத்து, ஏலம் விட்டு, ஒரு லட்சம் டாலருக்கு மேல் பார்த்தார்கள். புதைத்தது தோண்டினால் வரும். தின்ற பேரீச்சம்பழத்தை எங்கே போய்த் தோண்டுவது?

எல்லாம் நகல்தான் என்றாலும் ஒரு விஷயத்தில் அமெரிக்கச் சேகரிப்பாளன் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். துப்பாக்கி. வாத்துச் சுடும் அந்தப் பழைய துப்பாக்கி எல்இடி டிவியில் வேலை செய்யாது. குதிரையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து செத்தது. துப்பாக்கி சுடுவதே இல்லை, பார்க்க மட்டும்தான் செய்கிறது. பழைய டியூப் டிவி அந்த மின்னலை அந்தக் கணத்திலேயே காட்டும். புது டிவி யோசித்துவிட்டுக் காட்டும். அதற்குள் வாத்தும் போய்விடும், குறி தவறியதற்குக் கேமில் வரும் நாயும் சிரித்துவிடும். அதனால் வெளிநாட்டில் ரெட்ரோ கேம் பிரியர்கள் பழைய சோனி டியூப் டிவிக்காக ஊர் ஊராக அலைகிறார்கள், காசைக் கொட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் அதை அரசாங்கமே வீடு தேடிக் கொடுத்தது. கலைஞரின் 2006 தேர்தல் வாக்குறுதி, அந்த வருஷம் செப்டம்பர் 15-இல் தொடக்கம், 14 அங்குலக் கலர் டிவி, ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல். உலக வரலாற்றில் ரெட்ரோ கேமிங்குக்கு இவ்வளவு பெரிய அரசு மானியம் வேறெங்கும் கொடுக்கப்பட்டதில்லை. போடி வேறு கட்சிக்குப் பேர்போன தொகுதி. 1989-இல் ஜெயலலிதாவை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர். ஆனாலும் கலைஞர் டிவியை இங்கே யாரும் திருப்பி அனுப்பியதாகத் தகவல் இல்லை. 2011-இல் அம்மா லேப்டாப் வந்தது, அதுவும் ஒரு செப்டம்பர் 15. பையன்கள் அதில் எமுலேட்டர் போட்டு அதே மாரியோவை ஓடவிட்டார்கள். இரண்டு கழகங்களும் ஒருமனதாக ஆதரித்த ஒரே கலை வடிவம் இதுதான்.

என் கலைஞர் டிவி இன்னும் ஓடுகிறது. அதில் வாத்துச் சுட்டுக் காட்டினால் வந்த விருந்தாளிகள் கைதட்டுவார்கள். சிலிண்டர்காரர் முதல் ரவுண்டிலேயே பத்துக்குப் பத்து அடித்தார். நான் அவருக்கு மறுபடி காட்டுவதாக இல்லை.

கடைசித் தட்டில் சுதேசிப் பிரிவு. 2009-இல் சோனி பிளேஸ்டேஷன் 2-க்கு 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது. முழுக்க இந்தியாவிலேயே, ஹைதராபாத்தில் செய்தது. கடவுளை ஜாய்ஸ்டிக்கில் ஆட்டிவைப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் ஆடிப் பார்த்திருந்தால் இன்னும் கடுமையாக எதிர்த்திருப்பார்கள். அதே வருஷம் 'தேசி அட்டா'. அதில் கபடியும் கிட்டிப்புள்ளும் உண்டு. தெருவில் இறங்கி ஓசியில் ஆடக்கூடிய கிட்டிப்புள்ளை, டிவி வாங்கி, பெட்டி வாங்கி, டிஸ்க் வாங்கி, உட்கார்ந்த இடத்தில் கட்டைவிரலால் ஆடச் சொன்னார்கள். உலகத்தில் எந்தச் சேகரிப்பாளரிடம் கேட்டாலும் இந்த இரண்டும் அபூர்வம் என்பார். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. ஸ்கெட்ச் பேனாவில் 'அனுமார்' என்றும் 'கில்லி' என்றும் எழுதிய இரண்டு டிவிடி. சுதேசிச் சரக்கையும் அசலாக வாங்காத என் கொள்கை உறுதியை நீங்கள் கவனிக்க வேண்டும்.

"இதெல்லாம் வித்தா எவ்வளவு மாமா வரும்?" என்றான் அக்கா மகன். பெங்களூர்க்காரன், வேறு எப்படிக் கேட்பான்.

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் பெட்டி 20 லட்சம் டாலருக்குப் போனது. பிரிக்காதது என்பதுதான் முக்கியம். பிளாஸ்டிக் உறை கிழியவில்லை. உள்ளே கேசட் இருக்கிறதா, செங்கல் இருக்கிறதா, யாரும் பார்த்ததில்லை. பெட்டியின் மூலை மழுங்கவில்லை என்று ஒரு கம்பெனி மதிப்பெண் போட்டுக் கொடுக்கும், அதைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் கும்பிடுவார்கள். அப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை.

"மூட்டையப் பிரிக்காம வெல வெச்சானா? சாம்பிள் தட்டுல கொட்டலையா?"

"கொட்டுனா வெல போயிரும்ப்பா."

அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. 2018 வெள்ளமும் அதற்குப் பின் மழையில்லாததும் சேர்ந்து, 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஏல மலையின் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய விலை. அந்த உச்ச விலையிலேயே கணக்குப் போட்டாலும் அந்த ஒற்றைப் பெட்டிக்கு 20 டன்னுக்கு மேல் ஏலக்காய் ஈடு. வாசம்கூட வராத ஒரு பெட்டிக்கு!

வாசம் என்றதும் ஞாபகம் வருகிறது. போடியில் இன்னும் உயிரோடு ஆடப்படும் மிகப் பெரிய வீடியோ கேம் என் பீரோவில் இல்லை. ஏலக் கூடத்தில் இருக்கிறது. ஸ்பைசஸ் போர்டு 2007-இல் ஏலத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. எதிரே பெரிய திரை, வியாபாரிகள் வரிசையாகக் கம்ப்யூட்டர் முன்னால். லாட் நம்பர் வரும், விலை ஓடும், ஆளாளுக்குப் பட்டனைத் தட்டுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய அறுபது வயசு அண்ணாச்சிகள், ஒரு கை தட்டில் கிடக்கும் காயை உருட்ட, இன்னொரு கை பட்டனில். பிள்ளை டாங்கி ஆடியபோது பிக்சர் டியூப் போய்விடும் என்று கத்திய அதே அண்ணாச்சிகள். இங்கே மட்டும் லைஃப் ஒன்றே ஒன்றுதான், மேலே மேலே கீழே கீழே வேலைக்காகாது.

நிண்டெண்டோ கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. கள்ளக் கேசட்டை ஒழிப்பதற்காக முப்பது வருஷம் கோர்ட்டு கோர்ட்டாக ஏறிய கம்பெனி, 2016 நவம்பரில் ஒரு குட்டிப் பெட்டியை இறக்கியது. கேசட் கிடையாது, பெட்டிக்குள்ளேயே 30 கேம், விலை 60 டாலர். அதாவது 30 இன் 1. எங்கள் ஊர்ச் சரக்கின் அதே இலக்கணம், எண்ணிக்கையில் மட்டும் கஞ்சத்தனம். கொஞ்ச நாளில் சீனாக்காரர்கள் அதையும் நகலெடுத்து 620 கேம் என்று விற்றார்கள். அசல், நகலைப் பார்த்து நகலெடுக்க, அந்த நகலை மறுபடி நகலெடுத்த இந்த இடத்தில் எனக்கே தலை சுற்றி, 620-ஐயும் ஒன்று வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன்.

அக்கா மகன் கிளம்பும்போது கேட்டான், "இவ்வளவு டூப்ளிகேட்ட வெளிப்படையா எல்லாருக்கும் காட்டுறீங்களே, நிண்டெண்டோ நோட்டீஸ் அனுப்புனா என்ன பண்ணுவீங்க?"

அனுப்பட்டும் என்றுதான் நானும் காத்திருக்கிறேன். இரண்டாம் தட்டில், பாலிஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இடம்கூட ஒதுக்கி வைத்திருக்கிறேன். வந்ததும் லேமினேட் செய்து நிறுத்திவிடுவேன். இந்தப் பீரோவுக்குள் வரப்போகும் முதல் ஒரிஜினல் அதுதானே.